குதிரை ஏற மறுத்த பாலம்

1979-ஆம் வருடம், மழை சற்று ஓய்ந்திருந்த ஐப்பசி மாதம். கொடைக்கானல் மலையில், வடகவுஞ்சிக்குப் பக்கத்து ஓடையின் மேல் நடைபாலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பொறியாளராகச் சேர்ந்து இரண்டே வருடம். தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை.

நடுவில் இரும்புத் தகடு, இரு பக்கமும் யூக்கலிப்டஸ் மரம் என்று வைத்து, போல்ட் போட்டு முடுக்கி இரண்டு உத்திரங்கள் செய்தோம். ஒரு மரத்துண்டை மட்டும் சோதித்துவிட்டு, எல்லா மரத்துக்கும் அதே உறுதி என்று கணக்குப் போட்டேன். ஓர் உத்திரத்துக்கு மேட்டில் நின்று காய்ந்த மரம், மற்றதற்கு ஈரப் பள்ளத்தில் வெட்டியது. தெரிந்தும் அலட்சியமாக இருந்தேன். பாலத்தின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அதோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

மேலதிகாரி பார்வையிட வந்த அன்று, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய குதிரையோடு ஒருவர் வந்தார். அந்த ஒரு குதிரையை நம்பித்தான் அவர் குடும்பமே இருந்தது. அது இரண்டடி வைத்துவிட்டுப் பின்வாங்கியது.

"நடக்கையில பாலம் ஒரு பக்கமாத் துள்ளுதுங்க சார். மூட்டைய நானே சொமந்துக்கிறேன். குதிரைய ஓடையில எறக்கிக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார்.

மேலதிகாரி முன்னால் எனக்கு மானம் போவது போலிருந்தது. "அத்தனை மணல் மூட்டையைத் தாங்கின பாலம் இது. ஏத்துங்க" என்று அதட்டினேன்.

சும்மா கிடக்கிற மணல் வேறு, அடி வைத்து நடக்கிற குதிரை வேறு. நடுப்பாலம் வருவதற்குள் ஒவ்வொரு அடிக்கும் அதிர்வு கூடியது. ஈர மர உத்திரம் அதிகமாக வளைய, பலகைகள் ஒரு பக்கம் சரிந்து துள்ளின. குதிரை மிரண்டு, கைப்பிடியை உடைத்துக்கொண்டு பாறையில் விழுந்தது.

அவர் ஓடையில் இறங்கி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் அது செத்துப்போனது. அவர் என்னைத் திட்டவில்லை. "படிச்சவுக சொல்றீங்களேன்னுதாங்க ஏத்துனேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஈர மரத்தை மாற்றிப் பாலத்தைச் சரிசெய்தோம். ஆனால், 'குதிரை மிரண்டதால் நேர்ந்த விபத்து' என்று மேலதிகாரி எழுதச் சொன்ன அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் செய்த பிழையை அனுபவக் குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பாலத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்ட உயிரின் மேல் பழியைப் போட்டதற்கு என்னிடம் இன்றுவரை ஒரு சமாதானமும் இல்லை.