உடைசல் போட்ட பாதை

நான் இந்த மனையை வாங்கியதற்கு ஒரே காரணம், இதற்குப் பின்னால் யாரும் வீடு கட்ட முடியாது என்பதுதான். புரோக்கர் அதைக் குறையாக நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "பின்னாடி புறம்போக்கு, அதுக்கப்பால காப்புக்காடுங்க. ஆள் நடமாட்டமே இருக்காது நர்சம்மா. ஒத்தையா இருந்துப்பீங்களா?" கம்மாபுரம் ஒன்றியத்திலும் மங்களூர் ஒன்றியத்திலும் கிராமம் கிராமமாகச் சுற்றி, குழந்தைகளுக்கு ஊசி போட்டு, கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுத்து, போன வீட்டிலெல்லாம் மாமியார் மருமகள் சண்டைக்குப் பஞ்சாயத்தும் செய்துவிட்டு வந்தவள் நான். ஆள் நடமாட்டம் இல்லை என்றதும் சொர்க்கமே கிடைத்தது போல இருந்தது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆகி இங்கே வந்த பிறகு அதைக் கேட்கக்கூட ஆளில்லை. பீங்கான் சாமான் செய்யும் கம்பெனிகள் இருக்கிற செராமிக் பேட்டையைத் தாண்டி, முந்திரித் தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் நகர். பெயர்தான் நகர், இருப்பது ஒரே தெரு. தெருக்கோடியில், காலி மனைகளுக்கும் அப்பால், தள்ளி வைத்தது போல என் வீடு. கொஞ்ச நாள் மயில் கத்துவதைக் கேட்டு ரசித்தேன். அப்புறம் அதே மயிலை, வேறு வேலை இல்லையா உனக்கு என்று திட்ட ஆரம்பித்தேன். சில நாள் சாயங்காலம் போன் வரும். எடுத்து ஹலோ என்றால் குரல் கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். தனிமை வேண்டும் என்று கேட்டு வாங்கியவள், அது பிடிக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குப்பைக் கிடங்குச் செய்தி வந்தது. கிடங்கு என்று சொன்னது நாங்கள்தான். நகராட்சி வைத்த பெயர் மறுசுழற்சி மையம். டவுன் குப்பை எல்லாவற்றையும் லாரியில் கொண்டுவந்து, மக்குவதை மக்க வைத்து, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்து அனுப்புவார்களாம். இடம், என் வீட்டுக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவே இருக்கிற அந்தப் புறம்போக்கு.

முதலில் என் வீட்டுக் கேட்டைத் தட்டியவர் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு பஸ் டிரைவர். எல்லாருக்கும் அவர் டிரைவரண்ணன். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எனக்கும் அண்ணன். "நர்சம்மா, உங்க வூடுதான் கிட்டக்க இருக்குது. இங்கேர்ந்து பாத்தா எடமும் தெரியுது. மீட்டிங்க இங்கயே வெச்சிக்கலாங்களா?" என்றார். சரி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உடனே சொன்னால் காத்துக்கிடந்தவள் என்று தெரிந்துவிடுமே.

என் வீட்டில் இருந்தவை இரண்டு நாற்காலிகள். அதிலும் ஒன்று துவைத்த துணி போட்டு வைக்கத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தது. ஆண்கள் வாசலில், பெண்கள் ஹாலில். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஈ மொய்க்கும், நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடும், மானும் மயிலும் பிளாஸ்டிக்கைத் தின்று சாகும், இனி இந்தத் தெருவுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றார்கள். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். குப்பை வரப்போகிறதே என்று நியாயமாக நான்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அங்கேதான் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் பழக்கமானாள். பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் கல்ஃபில் இருக்கிறான். கூட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே டம்ளர்களைக் கழுவி, கம்பெனியில் பொம்மை அடுக்குகிற பழக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவே பழைய பேப்பர் வைத்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனாள். "எவர்சில்வர் டம்ளர்டி, உடையாது" என்றேன். "கை சும்மா இருக்கமாட்டேங்குதுக்கா" என்று சிரித்தாள். ஊர் முழுக்க நர்சம்மா என்று கூப்பிட்டுப் பழகிய என்னை, அக்கா என்றது அவள் ஒருத்திதான். அதற்கப்புறம் கூட்டம் இல்லாத நாளிலும் வேலை விட்டு வரும்போது தன் வீட்டைத் தாண்டி வந்து ஸ்கூட்டியை என் வாசலில் நிறுத்தி, அன்றைக்கு மேஸ்திரி என்ன சொன்னான், எவள் எவளோடு பேசவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் போவாள். நான்கு மணி ஆனால் என் காது தானாகத் தெருப்பக்கம் போய்விடும்.

எங்கள் தரப்பில் இருந்ததிலேயே கெட்டியான காரணத்தைக் கண்டுபிடித்தவர் டிரைவரண்ணன். "எடத்துக்குப் பாதையே கெடையாது. மொத்தமும் செம்மண்ணு. மழ பேஞ்சா லோடு லாரி அச்சு வரைக்கும் எறங்கிடும். நான் ஓட்டுன ஆளு சொல்றேன், ஒரு வண்டி உள்ள போவாது. இதக் கண்ணால பாத்துட்டாங்கன்னா அவங்களே வேணாம்னுடுவாங்க." எல்லாரும் கைதட்டினோம். அதையே மனுவாக எழுதிக் கொடுத்தோம். வாட்ஸப்பில் குரூப் தொடங்கி 'காடு காப்போம்' என்று பேர் வைத்தார்கள். ஒரே ஒரு தடவை நான், "சரி, நம்ம குப்ப எங்கதான் போறது?" என்று கேட்டேன். "அத அவங்க பாத்துப்பாங்க நர்சம்மா" என்றார் டிரைவரண்ணன். நான் மேலே கேட்கவில்லை. ஏடாகூடமாகப் பேசி, வந்த கூட்டத்தைக் கலைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

நகராட்சி அதிகாரி இடத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் நல்ல மழை. என் வீட்டுக்கு முன்னால் ஆரம்பித்துப் புறம்போக்கு வரைக்கும் சேறு. நாங்கள் கும்பிட்ட சாமியெல்லாம் கூடி அனுப்பிய மழை என்றுதான் சொல்ல வேண்டும். ஜீப் வரும், மாட்டிக்கொள்ளும், கதை முடிந்தது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் கையை யார் கட்டுவது? இங்கே ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, வாசலில் சேறு என்றால் பேட்டைக்குப் போய் ஒரு டிராக்டர் உடைசல் கொண்டுவந்து கொட்டுவோம். சூளையில் வெடித்தது, கோணியது, கை தவறி விழுந்தது எல்லாம் கம்பெனிகளின் பின்னால் மலையாகக் கிடக்கும். அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். சேற்றில் பரப்பி மிதித்துவிட்டால் தார் ரோடு தோற்றுவிடும். வருகிறவர்கள் கால் சேற்றில் படுவது வீட்டுக்காரர்களுக்கு மானக்கேடு. அன்றைக்குக் காலையில் டிராக்டர் வந்து நின்றபோது ஒருத்தருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. "பெரிய ஆபீசரு, பேன்ட்டு ஷூவோட வராரு. சேத்துலயா எறக்குறது?" என்று சொல்லிக்கொண்டு டிரைவரண்ணனே மண்வெட்டி பிடித்தார். பேக்கிங் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடை கூடையாகச் சுமந்தாள். நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். பியூஸ் கட்டைகள், காதில்லாத கப்புகள், தும்பிக்கை போன யானைகள், பாதிப் பிள்ளையார்கள் எல்லாம் சேற்றில் அழுந்திப் பாதை ஆயின. பிள்ளையாரை மட்டும் முகம் மேலே தெரியாமல் திருப்பிப் போட்டார்கள், அந்த மட்டுக்கும் பக்தி.

ஜீப் வந்தது. குலுங்காமல், நிற்காமல், வெண்ணெயில் போவது போலப் புறம்போக்கின் நடுவரைக்கும் போய் நின்றது. அதிகாரி இறங்கி, பாதையைத் திரும்பிப் பார்த்து, "வழி இல்லன்னு மனு குடுத்திருந்தீங்க. ரோடு நல்லாத்தானே இருக்குது?" என்றார். டிரைவரண்ணன் கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கேசரியைப் பார்க்கிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன். அதிகாரி கேசரியை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் கூட்டம் இன்னும் கூடியது. யார் உடைசல் கொட்டச் சொன்னது என்பதில் சண்டை வேறு. சண்டை போடவாவது தினமும் யாராவது வந்தார்கள். தோற்றுவிடுவோம் என்று பேக்கிங் பெண் ஒருநாள் கண் கலங்கினாள். அவள் கையைப் பிடித்து, ஒன்றும் ஆகாது என்றேன். என் மனசில் இருந்தது வேறு. ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், இது இப்படியே இழுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஜெயித்துவிட்டோம். காப்புக்காட்டு எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் கூடாது என்று வனத்துறை பக்கமிருந்து ஆட்சேபம் வந்து, இடத்தைக் கைவிட்டார்கள். வேறு எங்கே போகிறது என்று இன்னும் முடிவாகவில்லை. தெரு முனையில் வெடி வெடித்தார்கள். என் வீட்டிலிருந்து புகைதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வந்தார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். போகும்போது அவரவர் நாற்காலியை அவரவர் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

அதோடு சரி. 'காடு காப்போம்' குரூப்பில் கொஞ்ச நாள் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். அப்புறம் யாரோ சேலை விற்க ஆரம்பித்தார்கள். பேக்கிங் பெண்ணுக்குக் கம்பெனியில் கொலு சீசன் ஆரம்பித்து ஓவர்டைம் என்று கேள்வி. வேலை முடிந்து பேட்டையிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். என் வீடு அதைத் தாண்டி அல்லவா இருக்கிறது. இரண்டு தடவை நானே தெருவுக்குள் நடந்து போனேன். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே. என்ன விஷயமாக வந்தேன் என்று கேட்டபோது சொல்ல ஒரு விஷயமும் என்னிடம் இல்லை. திரும்பி வந்து அழுதேன். முன்பு இருந்த தனிமை பழகிய தனிமை. இது அப்படி இல்லை, வீடு நிறைந்திருந்ததைப் பார்த்துவிட்ட பிறகு வந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆசையாக எழுந்து போய்ப் பார்த்தேன். டி.வி.எஸ்.சில் ஒருத்தர், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. ஹேண்டில்பாரில் கேரி பேக். நேராகப் புறம்போக்குக்குப் போய், காட்டோரமாக வீசிவிட்டுத் திரும்பினார். எங்கள் தெரு டவுனிலும் சேராது கிராமத்திலும் சேராது, குப்பை வண்டி என்று ஒன்று வந்ததே இல்லை. இதுவரை ஆளுக்கொரு காலி மனையில் போட்டுக்கொண்டிருந்தவர்கள், நல்ல பாதை இருக்கிறதே என்று இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். மழைக்கும் அசையாத பாதை, அவர்களே சுமந்து போட்டது. டிரைவரண்ணனும் வந்தார். என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாய் இழுத்துக் கிழித்ததை மயில் வந்து கொத்தியது. தினமும் இத்தனை பேர் என் வாசல் வழியாகப் போகிறார்கள், ஒருத்தரும் என்னைப் பார்ப்பதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஒருநாள் காலையில் துடைப்பத்தோடு கேட்டில் நின்றேன். இன்றைக்கு யார் வந்தாலும் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவது என்று சொல்லவேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஸ்கூட்டி வந்தது. பேக்கிங் பெண். முன்னால் இரண்டு பைகள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னாக்கா பண்றது. வூட்டுல வெச்சா நாத்தம் தாங்கல. எல்லாரும் இங்கதான் போடறாங்க" என்றாள்.

அவள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அடுக்கி வைத்த வார்த்தைகள் எங்கே போயினவோ தெரியவில்லை. திட்டினால் இவளும் நாளையிலிருந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டு போவாள் என்பது மட்டும்தான் ஓடியது.

"உள்ள வா, டீ போடறேன்."

"இல்லக்கா, கம்பெனிக்கு லேட்டாயிடுச்சி."

"சரி, அத அங்க கொண்டு போய்ப் போடாத. எங்கிட்ட குடு. மக்கறதக் குழியில போட்டுக்கறேன். பிளாஸ்டிக்க பழைய சாமான்காரருக்குப் போட்டுடறேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா இந்தக் கஷ்டம்" என்றாள். ஆனாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பை கனமாக, ஈரமாக இருந்தது, அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

"நாளைக்கும் கொண்டா" என்றேன்.

"தெனமுமா? எங்க வூட்டுல அவ்ளோ குப்ப ஏதுக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"இருக்கறத கொண்டா. கொஞ்சமா இருந்தாலும் பரவாயில்ல" என்றேன்.