ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள்

திரேஸ்புரத்தில் ஞானசௌந்தரியின் வீட்டுக்குள் போக வேண்டுமானால் தெருவிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்தது. வீடு பள்ளத்தில் கிடந்தது. மழை வந்தால் தெருத்தண்ணீர் அவள் அடுப்படியில்தான் வந்து குடியிருக்கும். இப்போது மறுபடியும் ரோடு போடப் போகிறார்களாம். இன்னும் ஒரு சாண் ஏறினால் வீட்டைக் காலிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வார்டு கூட்டத்துக்கு அவளும் போயிருந்தாள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார் இன்ஜினியர். கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து மில்லர்புரத்தில் விற்கிறவள் அவள். அவள் வாய்க்கு ஏலக்காரரே பயப்படுவார். அப்பேர்ப்பட்டவள், நாற்காலி போட்டு டீயும் கொடுத்த மரியாதைக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏலத்தில் பேசாமல் நின்றால் மீன் அடுத்தவர் கூடைக்குப் போய்விடும் என்று தெரியாதவளா? தெருக்காரர்களில் மற்றவர்கள் வரவே இல்லை. மீன்பிடி வள்ளம் கரைசேரும் நேரத்தில் யார் வருவார்கள்? ஆட்சேபணை இல்லை என்று முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தன்னையே திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் கவுன்சிலர் தனராஜ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கூட்டத்த இன்னொரு தடவ ஞாயித்துக்கிழம வைங்க."

"அன்னைக்கு ஆபீஸ் லீவுல்லா?"

"எங்களுக்கும் அன்னைக்குத்தான லீவு! ஞாயித்துக்கிழம எந்த வள்ளம் கடலுக்குப் போவுது? மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் தெருவே வரும்."

தனராஜ் முனகினார், ஆனாலும் வைத்தார். ஓட்டுப் போடுகிற தெருவாயிற்றே! சொன்னபடி தெருவே வந்தது. இன்ஜினியர் பேச ஆரம்பித்ததும் அத்தனை பேரும் ஏலம் கேட்பதுபோல் ஒரே நேரத்தில் கத்த, அந்த மனுஷர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏலே, சும்மா கெடங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டாள் ஞானசௌந்தரி. "சார், பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுப் போடுங்க. எங்க வீட்டுக்குள்ள வந்து ஒரு தடவ நின்னு பாருங்க, வெளங்கும்."

வந்து நின்றார். தெரு அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது.

"சுரண்டணும்னா திட்டத்தையே மாத்தணும்மா. மழைக்கு முன்னாடி முடியாது" என்றார்.

இன்னொரு மழையா? வாசலில் கூடி நின்ற சனம் ஞானசௌந்தரி முகத்தையே பார்த்தது.

"நனைஞ்சிட்டுப் போறோம் சார். மாத்துங்க."

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. "ரோடாவது வந்திருக்கும், ஒன் பேச்சக் கேட்டோம் பாரு!" என்று பக்கத்து வீட்டுக் கிருபாபாய் ஏசினாள். ஞானசௌந்தரி வாளி வாளியாக இறைத்தாள். உள்ளுக்குள் பயம்தான், சொன்ன சொல் தவறிவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியுமா?

தை பிறந்ததும் சுரண்டும் எந்திரம் வந்தது. வாசல் முன்னால் அடுக்கடுக்காகத் தார் பெயர்ந்து வர, அடியிலிருந்து ஒரு கருங்கல் படி தலைகாட்டியது.

"இது எப்பம்மா கெட்டுன படி?" என்றாள் பள்ளிக்கூடம் போகிற மகள் சுஜிதா.

"நீ பொறக்கதுக்கு முன்னாடியே உள்ளதுளா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் படியைத் துடைத்தாள். பிறகு அதில் கால் வைத்துத் தன் வீட்டுக்குள் ஏறிப் போனாள்.