போர்டு வைக்காத ஒரு வருஷம்

பெருமை பாவம் என்று சிறு வயதிலிருந்தே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் செந்துறையில் எங்கள் சபை உருவான கதையைச் சொல்லும்போது எனக்குள் வருவது பெருமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மறைக்க எனக்குத் தெரியவில்லை.

என் கணவருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. நான் செந்துறையில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் பக்கத்தில் கோயில் என்று சொல்லிக்கொள்ள எங்கள் சபையாருக்கு ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு பஸ் ஏறி அரியலூர்தான் போக வேண்டும். பஸ் தவறினால் இரண்டாவது பாட்டு முடிந்திருக்கும். மழை நாளில் போகவே முடியாது.

அந்த பஸ்ஸில் என்னோடு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் அரசுப் பள்ளி டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பரம்பரைக் கிறிஸ்தவர், பைபிளில் எந்த வசனம் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இன்னொருவர் முந்திரிக்கொட்டை உடைக்கும் அக்கா. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அக்காவைத்தான் முதலில் உட்காரச் சொல்வோம். அவர் உட்கார மாட்டார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் நான்தான் கேட்டேன். "ஐயா, எங்க ஊர்லயே ஒரு சபை ஆரம்பிச்சா என்னங்க? என் வூட்டு முன் ரூமு ஞாயித்துக்கெழம சும்மாதான கெடக்கு. ஒரு போர்டு எழுதி மாட்டிட்டா போதும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு வருஷம் போர்டு வைக்காதீங்க. மைக் வேண்டாம். நோட்டீஸ் வேண்டாம். ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்காகவும் ஜெபம் பண்ணுங்க. பேர் தெரியாம ஜெபம் பண்ணாதீங்க. என்ன கஷ்டம்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க. ஒரு வருஷம் கழிச்சு வந்து எங்கிட்ட பேசுங்க."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு வருஷமா? என் கணவர் சிரித்தார். "ரெண்டு மாசம் போவும். அப்புறம் நீயே நிறுத்திட்டு மிஷின மிதிக்கப் போயிடுவ" என்றார். அந்தச் சிரிப்புக்காகவே தொடங்கினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் நடப்போம். ஒரு வாரம் ஒரு தெரு. வீட்டுக்குள் போக மாட்டோம். வாசல் தெளிக்கிற பெண்கள், குழாயடியில் நிற்கிறவர்கள், ஆடு அவிழ்க்கிறவர்கள் இவர்களோடு பேசுவோம். "உங்களுக்காக வேண்டிக்கிறோங்க, என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்போம். பிறகு தண்ணீர் டேங்க் பக்கம் போய் நின்று, கேட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்போம். மறந்துபோகாமல் இருக்க நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். 'டேங்க் தெரு, மூணாவது வீடு: மருமகளுக்கு மூன்று தடவை கரு கலைந்தது.' 'ஏழாவது வீடு: கணவர் குடி.' 'கோடி வீடு: மாடு பால் கொடுக்கவில்லை, மனசும் சரியில்லை.' டீச்சர் அந்த மாட்டை வாய்விட்டுச் சொல்லி ஜெபிக்கும்போது கொஞ்சம் தடுமாறுவார். அக்கா தடுமாறவே மாட்டார்.

முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. எங்களைப் பார்த்தால் சிலர் வாளியோடு உள்ளே போய்விடுவார்கள். கூரைவீட்டுத் தெரு முனையில் டீக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, வாராவாரம் தெருவ அளக்குறீங்க? ரோடு போடப் போறாங்களா?"

"இல்லண்ணே. ஊருக்காக ஜெபம் பண்றோம்."

"எங்க சாமிகிட்ட நாங்க சொல்லிக்குறோம். நடுவுல நீங்க எதுக்கு?"

அக்காதான் முன்னால் வந்தார். "நீங்களும் சொல்லுங்கண்ணே, நாங்களும் சொல்றோம். ரெண்டு பக்கமும் கூப்புட்டா காதுல விழாமயா போயிரும்?"

டீக்கடைக்காரர் டீ ஆற்றப் போய்விட்டார். டேங்க் பக்கம் வந்ததும், அப்படியெல்லாம் பேசக்கூடாது, அது உபதேசப்படி தப்பு என்று டீச்சர் அக்காவைக் கடிந்துகொண்டார். தப்போ சரியோ, அடுத்த தடவையிலிருந்து அந்தத் தெருப் பெண்கள் எங்களோடு பேச ஆரம்பித்தார்கள்.

அந்தத் தெருவில் நுரையீரல் கெட்டுப்போன ஒரு மனிதர் இருந்தார். அவருக்காக நான்கு மாதம் ஜெபித்தோம். சனிக்கிழமை மட்டுமல்ல, நான் ஜாக்கெட் தைக்கும்போதும் ஜெபித்தேன். அவர் இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. கடவுள் எங்களை ஊர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டாரே என்ற கோபம். போய் ஓரமாக உட்கார்ந்தோம். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களுந்தான் கேட்டுப் பாத்தீங்க தாயி" என்று அழுதார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், பாருங்கள். அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் அந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, 'மனைவிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும்' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு வந்த சித்திரையில் அந்தத் தெரு எரிந்தது.

மதியம் இரண்டு மணி இருக்கும். மிஷினில் இருந்தேன். முதலில் வாசனைதான் வந்தது, பிறகு கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தபோது வரிசையாகக் கூரைகள் எரிந்துகொண்டிருந்தன. காற்று வேறு. தீயணைப்பு வண்டி வருவதற்குள் தெருவில் பாதி போய்விட்டது. கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆடுகள் செத்தன. பீரோ, துணி, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் கரி. டீக்கடை அண்ணன் அண்டாவில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிவிட்டுக் கையில் வெறும் அண்டாவோடு நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வந்தார். எல்லோரும் வி.ஏ.ஓ. சார் என்பார்கள். நிவாரணம் கொடுக்க யார் யார் வீடு எரிந்தது என்று பட்டியல் வேண்டும். பத்திரம் இல்லை, கார்டு இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான்கு குடும்பங்கள் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தன. அவர்கள் வீடு இருந்த இடத்தில் சாம்பல்தான் கிடந்தது, சொல்ல ஆளில்லை.

"ஆளே இல்லாத வூட்ட நான் எப்புடி எழுதுறது? அங்க வூடு இருந்துச்சா, மாட்டுக்கொட்டாய் இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?" என்று அவர் கத்தினார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். தெரு முனையிலிருந்து வரிசையாக வாசித்தேன். யார் வீடு, எத்தனை பேர், யார் கைக்குழந்தைக்காரி, எந்தக் குடும்பம் எந்த மாதம் சூளைக்குப் போனது. போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் ஜெபித்திருந்தோம். அதனால் எல்லாம் எழுதியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள், "ஆமா சார், ஆமா" என்று தலையாட்டினார்கள்.

அவர் கை நீட்டினார். "நோட்ட குடும்மா. நானே பாத்து எழுதிக்கிறேன்."

நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். "குடுக்க முடியாதுங்க சார். இது ஜெப நோட்டு. இதுல அவங்க எங்களை நம்பிச் சொன்னது இருக்கு. பேரு வேணும்னா எத்தன தடவ வேணாலும் வாசிக்கிறேன்."

அரசாங்க அதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. டேங்க் தெருவிலிருந்து வந்து நின்ற, கணவன் குடிப்பதைச் சொன்ன பெண், கரு கலைந்ததைச் சொன்ன பெண், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் முறைத்தார். "அப்புடி என்ன ரகசியம்? என் பேரும் இருக்கா அதுல?"

இருந்தது. அவரைப் பற்றிய வரி என்பதால் அவருக்கு மட்டும் காட்டலாம் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தைத் திருப்பி, மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன். 'வி.ஏ.ஓ. சார்: சர்க்கரை வியாதி. கோபம் குறைய.'

கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்தார். "சர்க்கர சரி" என்றார். "கோவம்னு யாரு சொன்னா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு அவரும் சிரித்தார். "சரி, வாசிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசி என்று சொல்லவில்லை, வாசிங்க என்றார். சூளைக்குப் போன நான்கு குடும்பங்களின் பெயரும் அன்று பட்டியலில் ஏறியது.

இந்தச் செய்தி அரியலூர் சபைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே சில பெரியவர்களுக்கு உற்சாகம். அரிசி, பாய், பாத்திரம் எல்லாம் சேகரித்தார்கள். அதோடு ஒருவர் சொன்னார்: "இதுதாம்மா நேரம். ஊரே உங்க பக்கம் இருக்கு. சாமான் குடுக்குற அன்னைக்கே பந்தல் போட்டு கூட்டத்த ஆரம்பிச்சிருங்க. போர்டு நான் எழுதித் தர்றேன்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். டீச்சர்கூட யோசித்தார். அக்கா, சபைப் பெரியவர்கள் முன்னால் ஒரு வார்த்தை பேசாதவர், எழுந்து நின்றார்.

"வூடு எரிஞ்சு நிக்குறவங்ககிட்ட அரிசியக் குடுத்துட்டு, கோயிலுக்கு வான்னு கூப்புட்டா வேற என்னங்க சொல்லுவாங்க அவங்க? வரேன்னுதான் சொல்லுவாங்க. அது வர்றதா? மொதல்ல அவங்க தலைக்கு மேல கூர ஏறட்டும். வேணாம்னு சொல்ற தெம்பு வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

பாஸ்டர் "அந்த அம்மா சொன்னதுதான்" என்றார்.

அரிசி தனியாகப் போனது, ஒரு பாட்டுப் புத்தகம்கூட அதோடு போகவில்லை. நாங்கள் பழையபடி சனிக்கிழமை நடந்தோம். ஆடி, ஆவணி போயிற்று. கூரைகள் ஏறின, சில வீடுகளுக்கு ஓடுகூட வந்தது. பாஸ்டர் சொன்ன ஒரு வருஷம் முடிந்து மேலும் நான்கு மாதம் ஓடியிருந்தது. நான் போர்டைப் பற்றி நினைப்பதையே விட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, கணவரை இழந்த அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கூட இன்னும் நான்கைந்து பெண்கள்.

"எங்களுக்காக அந்த டேங்கிகிட்ட போயி நின்னு வேண்டுறீங்கள்ல, என்ன சொல்றீங்கன்னு எங்களுக்குக் கேக்க மாட்டேங்குது. நாங்களும் உக்காந்து கேக்குற மாதிரி ஒரு நாளு வேண்டக் கூடாதா?"

டீச்சர் அழுதுவிட்டார். அக்கா மட்டும், ஏதோ வெகுநாளாக எதிர்பார்த்ததுபோல, "நாளைக்கே வாங்க, எங்க வூட்டுக்கு" என்றார்.

அப்படித்தான் அக்கா வீட்டு முற்றத்தில், பக்கத்தில் முந்திரித் தொலி குவிந்திருக்க, செந்துறையில் எங்கள் முதல் ஆராதனை நடந்தது. அரியலூரிலிருந்து பாஸ்டர் பஸ்ஸில் வந்தார். பெரியவர்கள் பதினோரு பேர், பிள்ளைகளை எண்ணவில்லை. என் கணவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து கடைசியில் உட்கார்ந்தார். டீக்கடை அண்ணன் வரவில்லை, இன்றுவரை வந்ததில்லை. ஆனால் ஆராதனை முடிகிற நேரத்துக்கு ஒரு தூக்கில் டீ அனுப்பினார்.

பிறகு டீச்சருக்கு மாற்றல் வந்தது. அக்காவின் முற்றம் போதாமல் போக, ஒரு சின்ன இடம் வாங்கி ஷீட் போட்டோம். எங்களுக்கென்று ஒரு இளம் பாஸ்டரும் வந்தார், நல்லவர்.

சில வருஷம் கழித்து, பெரம்பலூரில் நடந்த எங்கள் சபைகளின் கூட்டத்துக்கு நானும் அக்காவும் போனோம். மேடையில் ஒருவர் சபைகளின் அறிக்கையை வாசித்தார். செந்துறை சபையை நிறுவியவர் என்று அந்த இளம் பாஸ்டரின் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். பாவம், அந்தப் பிள்ளை நெளிந்தார்.

நான் எழுந்துவிட்டேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு தங்கச்சி, விடு."

"ஐயா, ஒரு திருத்தம்" என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "பாஸ்டர் வர்றதுக்கு முன்னாடியே அங்க சபை இருந்துச்சுங்க. அதுக்கும் முன்னாடி ஒண்ணே கால் வருஷத்துக்கு மேல தெருத்தெருவா ஜெபம் நடந்துச்சு. அத நடத்துனதுல ஒருத்தர் இங்கதான் உக்காந்திருக்காங்க. முந்திரிக்கொட்ட ஒடைக்கிறவங்க. அறிக்கையில எழுதிக்குங்க."

மேடையில் இருந்தவர் பேனாவைத் தேடினார். இளம் பாஸ்டர்தான் முதலில் எழுந்து நின்று அக்காவைப் பார்த்துக் கைதட்டினார். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "மானத்த வாங்கிட்டியே" என்று முணுமுணுத்தார். நான் உட்காரவே இல்லை. கைதட்டல் ஓயும்வரை நிமிர்ந்து நின்றேன்.