பெருமாளுக்கு எழுதிய விலாசங்கள்

எல்லையில் பதற்றம் என்று டிவி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். என் மகன் அப்போது அங்கேதான் இருந்தான். தப்பைத் திருத்த உதவியவர்களுக்கு நன்றி சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் என்றால் கொஞ்சம் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் டைப் அடிக்கிறேன். வத்திராயிருப்பிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவேன். பத்தாவது படிப்பு, டைப்ரைட்டிங் தேறியிருக்கிறேன். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அடிப்பேன். ஆளைப் பார்த்துப் பேசுவதைவிடத் தாளைப் பார்த்து அடிப்பது எனக்குச் சுலபம்.

அந்த நாட்களில் கான்சாபுரத்து ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் தான் எழுதிய புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பீரங்கிப் படையில் இருந்தவர். இத்தனை வீடுகளிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறார்கள், ஆனால் சண்டை எதனால் வருகிறது, எதனால் வராமல் நிற்கிறது என்று தமிழில் படிக்க ஒன்றுமில்லையே என்பது அவர் குறை.

தடுப்பாற்றல் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது அவர் கையெழுத்தில்தான். எதிராளியை அடிப்பது அல்ல, அடிக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வராமல் வைப்பது. அதற்குப் பலம் வேண்டும், உறுதி வேண்டும், இரண்டும் இருப்பது அவனுக்குத் தெரியவும் வேண்டும். ஆனால் நாம் முந்திக்கொள்வோம் என்று அவன் பயந்துவிட்டால் அவனே முந்திக்கொள்வான். அதனால் இரண்டு பக்கமும் நிதானமாக இருப்பதற்கு ஏற்பாடுகள் தேவை.

எட்டாம் அத்தியாயம் முழுக்க அந்த ஏற்பாடுகள்தான். ஏவுகணையைச் சோதிப்பதற்கு முன்னால் பக்கத்து நாட்டுக்குச் சொல்லிவிடுவது, ராணுவ அதிகாரிகள் நேரடி டெலிபோனில் பேசிக்கொள்வது, புத்தாண்டு தோறும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வது. பகையாளிக்கா பட்டியல் கொடுப்பார்கள் என்று எனக்கு ஆச்சரியம். எதைத் தாக்கக் கூடாது என்று தெரிந்தால்தானே தாக்காமல் இருக்க முடியும் என்று எழுதியிருந்தார். அதே பக்கத்தின் அடியில், படை நிற்கும் இடம் அந்தப் பட்டியலில் வராது என்றும் இருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாத பலத்தை ஒரே அடியில் அழிக்க முடியாது. அதனால் அந்த முதல் அடிக்கே யோசிப்பார்கள்.

இதையெல்லாம் நான்தான் அடித்தேன். ஒற்றுப்பிழைகூடப் பார்த்தேன்.

மகன் பேசி ஐந்து நாள் ஆகியிருந்தது. பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய அம்மாக்கள் நாங்கள் பத்தொன்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்று நாங்கள் சொல்லும் குன்றின் மேலிருக்கும் பெருமாளுக்குப் பிள்ளைகள் பேரில் அர்ச்சனை செய்வது என்று முடிவானது. பட்டியல் அடித்துத் தர வேண்டியது நான். ஆளாளுக்குக் குரல் பதிவு அனுப்பினார்கள்.

"ஏட்டி, எம் மகன் சுவாதி, துலாம். பனிக்குள்ள நிக்கான். எந்த மலை, எந்தப் பாலம்னு சொல்லுதேன், எழுதிக்கோ. பெருமாளுக்குத் தெரியணும்ல."

ஒருத்தி இடத்தைச் சொன்னதும் எல்லாரும் சொன்னார்கள். பெயர், நட்சத்திரம், ராசி, கடைசிக் கட்டத்தில் படைப்பிரிவும் இடமும். நேர்த்தியாகக் கட்டம் கட்டிக் குழுவில் போட்டேன். என் மகன் ஒருமுறை வாய் தவறிச் சொன்ன ஊரையும் போட்டேன்.

மத்தியானம் சுபேதார் புரூஃப் வாங்க வந்தார். திரையில் பட்டியல் திறந்திருந்தது.

"தாயி, இது என்னது?"

"சனிக்கிழமை அர்ச்சனைக்கு, அண்ணாச்சி."

"கடைசிக் கட்டத்துல?"

"பிள்ளைக நிக்கிற எடம்."

"ஏன், பெருமாளுக்கு அட்ரஸ் தெரியாதோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எட்டாம் அத்தியாயத்த நீதான அடிச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது ஒரே தாளில், என் கையால். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. குழுவில் போட்டதை முதலில் அழிக்கச் சொன்னார்.

"ஏற்கெனவே எறக்கி வச்சிருப்பாகளே. ஒவ்வொருத்தருக்கா போன் போடு."

"நீங்க பேசுங்க அண்ணாச்சி."

"நான் பேசுனா மெரட்டுற மாதிரி இருக்கும். நீ ஒரு தாயி. ஒன் சொல்லக் கேப்பாக."

நான் பேசப் பேச அவர் தன் கையெழுத்துத் தாளின் பின்பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒருத்தி, "ஏட்டி, ஒனக்கு வாயே கெடையாதுன்னுல்ல நெனச்சேன், இம்புட்டுப் பேசுத?" என்றாள். இன்னொருத்தி அழுதாள், தங்கைக்கு அனுப்பியிருந்தாளாம். தங்கையையும் அழிக்க வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

ராஜபாளையத்து அம்மா மட்டும் போனை எடுக்கவில்லை. அவர்கள் டீக்கடை வைத்திருப்பவர்கள். சுபேதார் கூட வருகிறேன் என்றார். ஏனோ நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பட்டியல் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது, பஸ் நேரம் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில். நாலைந்து ஆண்கள் கிளாஸும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். டீக்கடை முன்னால் நான் தனியாக நின்றதே கிடையாது. ஆனாலும் கூட்டத்துக்குள் புகுந்து கடைசிக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தேன்.

"யாரும்மா நீ? கைய எடு. எம் மகன் பேரு இருக்கு அதுல," என்றார் கடைக்காரம்மா.

"எம் மகன் பேரும் இருக்கு மதினி. இத அடிச்சதே நான்தான்."

"பொறவு ஏன் மறைக்க? எல்லாரும் நம்ம ஆளுகதான."

"நம்ம ஆளுகதான். ஆனா இவுக போன்ல எடுத்த படம் எங்கெங்க போகும்னு நமக்குத் தெரியுமா? ஒங்க மகன் இருக்கான்னு ஊரே தெரிஞ்சுக்கிடட்டும். எங்க நிக்கான்னு எதுக்குத் தெரியணும்?"

அவ்வளவு நீளமாக வெளியாட்கள் முன்னால் நான் பேசியதில்லை.  கடைக்காரம்மா உள்ளே போய் ஒரு பிளேடு எடுத்துவந்தார். மேலிருந்து கீழாகக் கடைசிக் கட்டத்தை மட்டும் கீறி, வெந்நீர் தெளித்து உரித்து, பாய்லருக்கு அடியில் போட்டார். பெயர்களும் நட்சத்திரங்களும் சுவரிலேயே இருந்தன. படம் எடுத்தவர் நான் கேட்கும் முன்னாலேயே அதை அழித்து, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எம் போன்லயும் நீங்களே அழிச்சிருங்க," என்று கடைக்காரம்மா நீட்டினார். "உக்காருங்க மதினி, மொகமெல்லாம் வேர்த்துருக்கு. டீ குடிச்சிட்டுப் போகலாம்."

குடித்தேன்.

சனிக்கிழமை பட்டர் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொல்லி அர்ச்சனை செய்தார். ஏதாவது ஒரு போனில் அந்தப் பட்டியல் இன்னும் கிடக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்தப் பயம் முழுக்கப் போகவில்லை. பத்தொன்பது பேரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் மகன் கூப்பிட்டான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அம்புட்டுப் பேருகிட்டயும் நீயாம்மா பேசுன?"

"ஆமாய்யா."

"ராசபாளையத்துக்கும் தனியாவா போன?"

"ஆமா."

அவன் சிரித்தான். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு, "எங்கம்மா டீக்கடையில போயி சண்ட போட்டுருக்குடா," என்றான். அங்கேயும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளின் சிரிப்பை, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.