விழும்போது வரைந்த படம்

கோவையில் அனிமேஷன் படித்து முடித்துவிட்டு ரஞ்சனி கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். சென்னையில் ஒரு ஸ்டுடியோ அவளுடைய படங்களை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தது. 'முகம், கை, கால் எல்லாம் சரி. ஆனால் யாரும் அசையவில்லை. ஆட்கள் நடமாடும் இடத்தில் உட்கார்ந்து, அரை நிமிடத்துக்கு ஒரு படமாக வரைந்து பழகி, மறுபடி அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

பழகினாள். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவரை வரையத் தொடங்கினால், தாளில் முதுகு வளைவதற்குள் மூட்டை பஸ் மேலே போயிருக்கும். மிச்சத்தை ஞாபகத்திலிருந்து போடுவாள்; அந்த ஆள் மரக்கட்டையாகிவிடுவார். தோட்டத்துக்குப் போய், கொழுந்து பறிக்கும் அம்மா கருப்பம்மாவை வரைந்து பார்த்தாள்.

"அங்கிட்டுப் போ புள்ள," என்று கருப்பம்மா எரிந்து விழுந்தாள். "நீ உத்து உத்துப் பாத்தா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது. சூப்பர்வைசர் வேற கத்துறார்."

ரஞ்சனி அன்று வரைந்ததையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மைதானத்தில் வாலிபால் போட்டி. பந்து மேலே போவதும் பனிமூட்டம் வந்து வலையை மூடுவதுமாக இருந்தது. தாளுக்கு மேல் தாள் வீணானது. பென்சிலை உடைத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் ஜஸ்டஸ் எம்பினான். பேக்டரியில் வேலை பார்ப்பவன், பக்கத்து லைன்காரன். பந்தை அடித்து இறங்கும்போது ஈரப்புல்லில் கால் வழுக்கி, இடது கை மடங்க விழுந்தான். எல்லோரும் ஓடினார்கள். ரஞ்சனியின் கை மட்டும் நிற்கவில்லை. கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரே கோடு; பிறகு தோள், மடங்கிய கை. முடித்த பிறகுதான் அவன் அலறிக்கொண்டிருப்பது அவள் காதில் விழுந்தது.

"ஒரு மனுசன் விழுந்து கிடக்கான், நீ படம் போட்டுக்கிட்டு இருக்க?" என்று ஜஸ்டஸின் அக்கா மனிஷா எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

ரஞ்சனி குனிந்து தாளைப் பார்த்தாள். அதில் அவன் உண்மையாகவே விழுந்துகொண்டிருந்தான். இத்தனை மாதங்களில் அசைந்த படம் அது ஒன்றுதான்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். கையில் மாவுக்கட்டுடன் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜஸ்டஸ் வெகுநேரம் படத்தைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "இதச் சென்னைக்கு அனுப்பப் போறியா?"

"நீ சரின்னா."

"வேணாம் ரஞ்சனி. அதுக்கு முன்னாடி நான் எம்பி அடிச்சேனே, அந்தப் பாயிண்ட் நமக்குத்தான். அத வரைஞ்சிருந்தா அனுப்பச் சொல்லியிருப்பேன்."

அதை அவள் வரையவில்லை. படத்தை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அவன்மேலும் தன்மேலும் மாறி மாறிக் கோபம் வந்தது. மற்ற படங்களை அனுப்பினாள். ஸ்டுடியோவிலிருந்து பழைய பதிலே வந்தது.

அடுத்த ஞாயிறும் அவள் மைதானத்துக்குப் போனாள். மனிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். விசில் ஊதியதும் ஒருவன் சர்வீஸ் போடக் கையை ஓங்கினான். ரஞ்சனி தாளைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு கோடு இழுத்தாள். தோள் கோணலாகத்தான் வந்தது. அந்தத் தாளைத் திருப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள்.