வேதக்காரனுக்கு மலையில் என்ன சோலி?

என் தங்கச்சி புருஷன் வேதசிரோமணி நல்லவனா கெட்டவனா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இரண்டும்தான், போங்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி வெளுக்கிற தொட்டியில் அவனுக்கு வேலை. எண்பத்து நான்கில் அந்தக் கம்பெனி குடோன் எரிந்தது. முந்தின வாரம்தான் கூலி கூட்டிக் கேட்டு முதலாளியிடம் சத்தம் போட்டிருந்தான். அது போதாதா? அதே தொட்டியில் அவனோடு நின்ற சுயம்புலிங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறி, "இவன் தீ வச்சத என் கண்ணால பாத்தேன்" என்றான். ஐந்து வருஷம் போட்டார்கள். பாளையங்கோட்டை ஜெயில்.

தீப்பிடித்த நேரத்தில் அவன் என் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் நானும் சொன்னேன். மச்சான்காரன் வேறெப்படிச் சொல்வான் என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாம் வருஷம் என் தங்கச்சி ஜெயபாய் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு அவன் வரமுடியவில்லை. நானே நின்று மண் போட்டேன்.

எண்பத்தொன்பதில் வெளியே வந்தவனை என்னோடு வைத்துக்கொண்டேன். பகலெல்லாம் பங்க்சர் ஒட்டுவான். சாயங்காலமானால் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். காற்று வாங்கப் போகிறான் என்று நினைத்தேன், மடையன். அவன் சுயம்புலிங்கத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். சந்தை, சலூன், பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் நாலு முழம் பின்னால். இடுப்பில் பேண்டேஜ் துணி சுற்றின கத்தி.

"எதுக்கு மாப்ளே இந்த வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு நாளாச்சும் தனியா மாட்டுவாம்லா மச்சான். அம்புட்டுதான்."

மூன்று வருஷம் அப்படியே போனது. கத்தியை நான் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. தங்கச்சி முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

தொண்ணூற்றிரண்டு, புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற சின்னக் குன்றுமேல் இருக்கிற பெருமாள் கோயிலில் சனம் தாங்காது. காலையில் சுயம்புலிங்கம் படியேற வரிசையில் நின்றிருக்கிறான். தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை, இவனும் பின்னாலேயே நின்றிருக்கிறான். அன்று மதியம் கடைக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"முதுகு கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு மச்சான். சட்டுனு திரும்பிப் பாத்துட்டான். பயத்துல அவனுக்கு வேர்த்து ஊத்துச்சு. என் கை எழும்பல."

அப்பாடா, விட்டது பிசாசு என்று நினைத்தேன்.

எங்கே விட்டது? அதே காலையில் இராஜபாளையத்தில் அந்தக் கம்பெனி மேனேஜர் வீட்டில் நகை களவு போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை இழந்தவன் சுயம்புலிங்கம். போலீஸார் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலையில் இருந்தேன் என்றான். பார்த்தது யார் என்று கேட்டார்கள். அத்தனை கூட்டத்தில் அவனைத் தெரிந்து பார்த்தது ஒரே ஒருத்தன்தான்.

சுயம்புலிங்கத்தின் பெண்டாட்டி வெள்ளத்தாய் என் கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் வெயிலிலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, அவிய உங்களுக்குப் பண்ணுனது பாவந்தான். இல்லங்கல. ஆனா மலையில நீங்க அவியளப் பாத்திய. அத மட்டும் வந்து சொல்லுங்க அண்ணாச்சி."

வேதசிரோமணி கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தான். "வாரேன் தாயி" என்றான்.

போனான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தான். சுயம்புலிங்கத்தின் வக்கீல், "அன்னைக்கு மலையில இவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஐயா, நான் வேதக்காரன். பெருமாள் கோயில்ல எனக்கு என்ன சோலி?"

கோர்ட்டே சிரித்தது. வக்கீல் காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுயம்புலிங்கத்துக்கும் ஐந்து வருஷம், அதே ஜெயில்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெளியே வந்ததும் நான் கால் கிலோ பால்கோவா வாங்கினேன். ஜெயபாய்க்கு நியாயம் கிடைத்துவிட்டதாம் எனக்கு. அவன் அதைத் தொடவில்லை. அன்று ராத்திரியே கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டான். அதன் பிறகு சர்ச்சில் இராப்போஜன அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது இவன் மட்டும் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருப்பான். பாதிரி ஐயர் கேட்டதற்கு முழங்கால் வலி என்றான்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், "மச்சான், பாளையங்கோட்டை வரைக்கும் வாரியளா?" என்றான். மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சுயம்புலிங்கம் வந்து நின்றான். தலை பூராவும் நரைத்திருந்தது. இவன் "சுயம்பு..." என்றான். வலையைப் பிடித்துக்கொண்டான்.

சுயம்புலிங்கம் கோபப்படவேயில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"அந்தத் தீ கேசுல போலீசுக்காரவ ரெண்டு நாளு என்னையத் தலைகீழாத் தொங்கவிட்டு அடிச்சாவ. தாங்க முடியாமச் சொல்லிட்டேன். உன்னைய யாருலே அடிச்சா?"

மறுநாளே இவன் சுயம்புலிங்கத்தின் வக்கீலைத் தேடிப் போனான். நான் சொன்னது பொய், என்னை உள்ளே போடுங்கள் என்று எழுதியே கொடுத்தான். அன்றைக்கு ஒன்றும் இன்றைக்கு ஒன்றும் சொல்கிற ஆளின் பேச்சு செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் யார் நிஜத்தைச் சொன்னாலும் தள்ளுவதே கோர்ட்டுக்கு வழக்கமாகிப்போனது.

தொண்ணூற்றெட்டில் சுயம்புலிங்கம் விடுதலையானான். இப்போது ஒரு மில்லில் மூட்டை தூக்குகிறான். தினமும் என் கடையைத் தாண்டித்தான் போகிறான், திரும்பிப் பார்ப்பதில்லை. வேதசிரோமணி மறுபடியும் சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். பழைய தெருக்களிலேயே மெதுவாக மிதிக்கிறான். முக்குக்கு முக்கு நின்று பின்னால் பார்க்கிறான்.

"யாரலே தேடுத?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"அவனத்தான் மச்சான். வந்து ஒரு குத்து குத்திட்டாம்னா தூங்கிருவேன். வரமாட்டேங்கானே."