அத்தையின் வெள்ளைச் சேலை

எங்கள் பக்கத்தில் கொள்ளு அடிக்கக் களம் தேடிப் போகமாட்டோம். வாளையார் ரோட்டில் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. காய்ந்த கொள்ளுக் கொடியைத் தாரில் பரப்பிவிட்டால் சக்கரங்களே அடித்துக் கொடுத்துவிடும். எழுபதுகளில் ஊரே அப்படித்தான் செய்தது. அதில் மோட்டார் சைக்கிள் சறுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பரப்பியிருப்போம், அது வேறு விஷயம்.

ஒரு காலையில் சறுக்கியது. சத்தம் கேட்டு நானும் மாமியாரும் ஓடினோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. நானோ நிறைமாதக் கர்ப்பிணி. பாலக்காட்டு மலையாளி ஒருவர், முப்பது வயதிருக்கும், எங்கள் கொள்ளின் மேல் மல்லாந்து கிடந்தார். தொடை கிழிந்து ரத்தம் குபுகுபுவென்று வந்தது.

பின்னால் வந்த சிமெண்ட் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கினார். "புடிச்சு உக்கார வெச்சு ஒரு சோடா குடுத்தாச் செரியாப் போயிருமுங்க" என்று அக்குளில் கை கொடுத்தார்.

"தூக்காதீங்க! வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நர்ஸம்மா சொல்லித் தந்ததில் அவ்வளவுதான் மிச்சமிருந்தது. அடிபட்டவரிடம் கை கால் விரல்களை அசைக்கச் சொன்னேன். அசைத்தார். கழுத்து வலிக்கவில்லை என்றார். இனி ரத்தத்தை நிறுத்தினால் பிழைத்துக்கொள்வார்.

அதற்குள் மாமியார் காப்பித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் எந்தக் காயத்துக்கும் காப்பித்தூள்தான்.

"அது வேண்டாமுங்க அத்தை, சீழ் புடிச்சுக்கும். சுத்தமான துணிய வெச்சு அமுக்கோணும். கொடியில காயற உங்க சேலையக் குடுங்க."

அவர் நகரவில்லை. மாமனார் போனதிலிருந்து அவருக்கு வெள்ளைச் சேலைதான். யார் எங்கே கிளம்பினாலும் எதிரே பட்டுவிடக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். யாரும் அவரைப் போகச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நம்ம கொள்ளுதான் இவரத் தள்ளியுட்டுது. என்ற சேலையும் மேல பட்டா உசுரு நிக்குமா அம்மிணி?" என்றார்.

நான் கையால் அழுத்தியிருந்த இடத்தில் விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "போற உசுரு வெள்ளையாலயா போகப்போகுது? கொண்டாங்க!" என்று மாமியாரை அதட்டினேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

கீழே கிடந்தவர் கண்ணைத் திறந்தார். "அம்மே, எங்க வீட்டில் எல்லாரும் வெள்ளதான். என்டெ பாரியாளும் வெள்ளதான்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தை அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓடிப்போய்ச் சேலையை உருவி வந்து, நாலாய் எட்டாய் மடித்துக் காயத்தில் வைத்துத் தன் உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். நனைந்துவிட்டதே, எடுத்துப் பார்க்கலாமா என்றார். எடுக்க வேண்டாம், மிச்சமிருக்கிற முந்தானையையும் மேலே வைத்து அழுத்துங்கள் என்றேன்.

கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து, கிளீனரும் டிரைவருமாக அவரை அலுங்காமல் அதில் கிடத்தி லாரியில் ஏற்றினார்கள். என்னால் ஏற முடியாது. யாராவது அழுத்திக்கொண்டே போகவேண்டும். அத்தை சிமெண்ட் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். ஒருவர் கிளம்பும்போது அவர் கூடவே கிளம்பியதை அன்றுதான் பார்த்தேன். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும்வரை கையை எடுக்கவில்லையாம்.

என் மகளுக்குத் தலை நிற்கத் தொடங்கிய சமயம், அடிபட்டவர் தன் மனைவியோடு அதே மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தப் பெண் கரைபோட்ட வெள்ளையில், தலைநிறையப் பூவோடு இருந்தாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி குடித்துவிட்டு இருவரும் எழுந்ததும், வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த மனிதர் வண்டியில் உட்கார்ந்தார். கிக்கரை உதைக்கவில்லை.

"அம்ம எவிடெ? அம்ம முன்னால வந்து நிக்கட்டும். அல்லாமெ நான் வண்டி எடுக்கமாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். தயங்கித் தயங்கி வந்து வண்டிக்கு நேர் எதிரே நின்றார். ஆறிய காலால் அவர் ஓர் உதை உதைத்தார். வண்டி கிளம்பியது.

அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், அத்தை எதிரே வந்து நிற்கும்வரை நான் யாரையும் படியிறங்க விட்டதில்லை.